கரையும் உடலும் கூடும் இடம்: முகூர்த்தப் புடவையைத் தேடும் பயணம்

தமிழ்த் திருமணத்தில் மணமகள் தாலி ஏற்கும் வேளையில் உடுத்தியிருக்கும் சேலை, தமிழ்நாட்டில் முகூர்த்தப் புடவை என்றும் கூறைப்புடவை என்றும், ஈழத்தில் கூறைச்சேலை என்றும் வழங்கப்படுகிறது. பல சமூகங்களில் இதனை எடுத்துக் கொடுப்பது மணமகன் வீட்டாரின் கடமையாகும். நான்கு முனைகளிலும் மஞ்சள் தடவி, தேங்காய், பூ, வெற்றிலை பாக்குடன் தாம்பாளத்தில் வைத்து, அவையில் உள்ள பெரியோர் தொட்டு வாழ்த்திய பின்னரே அது மணமகளின் கையில் தரப்படுகிறது. அதுவரை பிறந்த வீட்டார் வாங்கிய சேலையோடு மணவறையில் அமர்ந்திருந்தவள் எழுந்து உள்ளே சென்று, நாத்தனார் முறையுடைய பெண்ணின் துணையோடு, புகுந்த வீட்டார் தந்த கூறையை உடுத்தித் திரும்புகிறாள். ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் திருமாலை மணப்பதாகக் கண்ட கனவைச் சொல்லுமிடத்தில், மணமகனுக்குத் தங்கை முறையினளான துர்க்கையே தமக்கு மணப்புடவை உடுத்தி மாலை சூட்டியதாகப் பாடியிருப்பது இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்று. அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்களில் வரும் மணப்பெண்களும் புத்தாடைக்குள் உடலை ஒடுக்கிக் கொண்டவர்களாகவே காட்டப்படுகின்றனர்.

இந்த ஆடையைத் தேடிச் செல்வதை மக்கள் ‘பட்டு எடுத்தல்’ என்பர். நல்ல நாள் பார்த்து, இரு வீட்டாரும் வேன் அமர்த்திக் கொண்டு, புடவை நெய்யும் ஊருக்கே போய்த் தேர்ந்தெடுத்து வருவது முன்பு பரவலாக இருந்த வழக்கம். இன்று அத்தேடல் பெரும்பாலும் சென்னைத் தியாகராய நகரின் பல மாடிக் கடைகளிலேயே முடிந்துவிடுகிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் திருமணத்திற்குச் சில மாதங்கள் முன்பாக அங்கே வந்திறங்குகின்றன. இக்கட்டுரை பின்தொடர்வது பழைய வழியை. காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஆரணியைத் தொட்டு, தெற்கே இறங்கிக் கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் வழியாக மயிலாடுதுறையின் கூறைநாட்டில் முடியும் அவ்வழியில் செல்பவருக்கு, குறையற்ற மணப்புடவை எது என்ற கேள்விக்குக் கடையின் கண்ணாடி அலமாரியைவிடத் தறிக்குழியே தெளிவான விடை தருகிறது.

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் செறிந்திருப்பது காந்தி சாலையில். வெள்ளை விரிப்பின்மேல் குடும்பத்தார் வட்டமாக அமர, விற்பனையாளர் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போடுகிறார். கறுப்பு மங்கல நிகழ்வுக்கு ஆகாது என்று முதலிலேயே விலக்கப்படுகிறது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் மயில்கழுத்து நிறமும் எஞ்சி நிற்கின்றன. மணமகளின் தோளில் முந்தி சாத்தப்படுகிறது. வயதில் மூத்த பெண்ணொருவர் அதை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பார்த்துவிட்டு வருகிறார். கடை விளக்கின் ஒளி நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை அறிந்த அந்தப் பழக்கம் மிகவும் மதிக்கத்தக்கது. எனினும், உடலும் கரையும் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன, சரிகை எதனால் ஆனது, நெய்தவர் யார் என்னும் மூன்று கேள்விகள் அவ்வட்டத்தில் அரிதாகவே எழுகின்றன. ஐந்தரை மீட்டர் நீளப் புடவையொன்றின் தகுதி பெரிதும் இம்மூன்றுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அக்கேள்விகளுக்கு விடை காந்தி சாலைக்கு அப்பால், பிள்ளையார்பாளையத்தில் கிடைக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பகுதிகளுள் முதன்மையான இங்கு, வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் நடப்பவர், நீள வாக்கில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் பட்டு நூல்களைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. நீளவாட்டு நூலுக்குப் பாவு என்றும், குறுக்கே ஓடும் நூலுக்கு ஊடை என்றும் பெயர். பாவு நூல் தறியில் ஏறுமுன் அதற்கு அரிசிக் கஞ்சி பூசி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பிரித்து, இளவெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடம் போதாததால் தெருவே பட்டறையாகிறது. ஒரே பாவில் பொதுவாக மூன்று புடவைகள் நெய்யப்படுவதால் அதன் நீளம் பல வீடுகளின் வாசல்களைக் கடந்து செல்கிறது. குடும்பத்தின் ஆண்களும் பெண்களும் இருபுறமும் நின்று, அறுந்த இழையைத் தேடி முடிந்தபடியே நகர்கின்றனர். மழைக்காலத்தில் இப்பணி நின்றுபோகும். ஐப்பசி, கார்த்திகையில் பட்டு வேலை மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம். தை மாதத்து முகூர்த்தத்திற்குக் கடைசி நேரத்தில் தறிக்குச் சொல்லிவைக்க நினைப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

காஞ்சியின் பெயரால் உலகறிந்த இப்புடவையின் மூலப்பொருள்கள் பெரும்பாலும் காஞ்சியில் விளைவதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அம்மாநிலத்தின் ராமநகரத்தில் உள்ள பட்டுக்கூட்டுச் சந்தை ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சரிகையில் பெரும்பகுதி குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. வந்த கச்சாப் பட்டின்மேல் புழு சுரந்த இயற்கைப் பசை படிந்திருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அவித்து அதை நீக்கும்போது நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்துபோகிறது, அதன் பிறகே பட்டு மென்மையும் பளபளப்பும் பெற்றுச் சாயத்தை ஏற்கும் நிலையை அடைகிறது. வேகவதி ஆற்றின் நீரே சாயத்திற்கு அத்தனை ஒளி தந்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் நம்பிக்கை. அந்த ஆறு இன்று ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் நலிந்து கிடப்பதைக் காண்பவருக்கு அந்நம்பிக்கை வேதனையையே தருகிறது.

நூலும் சரிகையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வர, காஞ்சி தன்னுடையதாகச் சேர்ப்பது கோர்வை என்னும் நெசவு முறையாகும். சாதாரணப் புடவையில் உடலும் கரையும் ஒரே ஊடை நூலால் நெய்யப்படுகின்றன. ஆகவே உடலின் நிறம் கரையினுள்ளும் ஊடுருவிக் கரையின் தூய நிறத்தைக் கலங்கச் செய்கிறது. கோர்வையில் அவ்வாறு நேர்வதில்லை. இரு கரைகளுக்கு இரண்டும் உடலுக்கு ஒன்றுமாக மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. நாடா என்பது ஊடை நூல் சுற்றிய தாரைச் சுமந்து பாவின் குறுக்கே ஓடும் படகு வடிவக் கருவி. உடலின் நாடா கரையின் எல்லை வரை வந்து நிற்க, கரையின் நாடா எதிரிலிருந்து வந்து சேர, இரு நூல்களும் அவ்வெல்லையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தத்தம் பக்கம் திரும்பிவிடுகின்றன. ஒவ்வொரு ஊடைக்கும் இது நிகழ வேண்டும். நன்கு நெய்த கோர்வையைத் திருப்பிப் பார்த்தால் இணைப்புக் கோட்டில் நுண்ணிய பற்கள் போன்ற அமைப்பு கண்ணுக்குத் தெரியும்; விரலால் தடவினால் அது கைக்கும் தட்டுப்படும். அரக்கு உடலுக்குக் கரும்பச்சைக் கரை என்ற நேரெதிர்ச் சேர்க்கையில் இரு நிறங்களும் சிறிதும் மங்காமல் அருகருகே நிற்பது இம்முறையால்தான். இரு பக்கக் கரைகளும் வெவ்வேறு நிறத்தில் அமைந்த ‘இரட்டைப்பேட்டு’ப் புடவையும் இதன் விரிவே ஆகும்.

கோர்வைக்கு ஒரு தறியில் இருவர் தேவைப்பட்டனர். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு மிதியை இயக்கும் நெசவாளர் ஒரு கரையையும் உடலையும் கவனிக்க, மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ளித் தருவதற்குத் துணையாள் ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார். நெடுங்காலம் அத்துணையாள் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார் என்பதைச் சொல்லாமல் இப்புடவையின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளிக்குச் செல்லாமல் தறியடியில் அமர்ந்த குழந்தைகள் காஞ்சியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் ஏராளமாக இருந்தனர். 1990களில் தொடங்கி வலுப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு முயற்சிகளும் பள்ளிக்கல்வியின் பரவலும் அந்நிலையைப் பெருமளவு மாற்றின. அம்மாற்றம் முழுமையாகப் போற்றத்தக்கது. துணையாள் இல்லாமையால் கோர்வைத் தறிகள் குறைந்ததும், அவ்விடத்தை ஒருவரே இயக்கும் எளிய முறைகளும் கரையில்லாப் புடவைகளும் பிடித்துக்கொண்டதும் அதன் விளைவுகள். இன்று கணவன் நெய்ய மனைவி கரைநாடா தள்ளும் வீடுகளிலேயே கோர்வை பெரிதும் உயிரோடிருக்கிறது. ஆகவே ஒரு கோர்வைப் புடவையின் விலையில் இரண்டு பேருடைய நாட்கூலி அடங்கியிருக்கிறது என்பதை வாங்குவோர் உணர வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதத்திற்கு மேலும் ஆகும்.

முந்தி இணைப்பு இன்னும் கடினமானது. உடலின் நிறத்திலிருந்து முற்றிலும் வேறுபட்ட நிறத்தில் முந்தி அமைய வேண்டுமானால் ஊடையை மட்டும் மாற்றினால் போதாது, பாவையே மாற்ற வேண்டும். பிட்னி எனப்படும் முறையில், உடற்பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு முந்திப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, இரு பாவுகளும் சேர்ந்தோடும் ஒரு குறுகிய பட்டையை நெய்து, பிறகு பழைய பாவின் மிச்சத்தை நறுக்கிவிடுகின்றனர். புடவையை விரித்து, உடல் முந்தியாக மாறும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இந்த இரட்டைப் பட்டை சற்றுத் தடித்துத் தெரியும். காஞ்சிபுரம் கிழிந்தாலும் கரையும் முந்தியும் கழலாது என்று மூத்த பெண்கள் சொல்வதன் அடிப்படை இதுவே.

அணிவேலைகளின் பெயர்கள் தனியொரு நிகண்டுக்குப் போதுமானவை. கோபுரம், ருத்ராட்சம், மயில்கண், மல்லிமொக்கு, வாழைப்பூ, யாளி, அன்னம், இருதலைப்பட்சி, ஊசிமுனை அளவுக் கோடுகள் ஓடும் வைரஊசி, நுண்கட்டங்களாகிய பாலும் பழமும், முத்துக்கட்டம் எனக் கோயில் தூணிலும் வீட்டுத் தோட்டத்திலும் கண்டவை எல்லாம் நூலில் ஏறியிருக்கின்றன. ஜக்கார்டு கருவி வருவதற்கு முன் இவை ‘அடை’ என்ற முறையில், கரைப்பாவின் இழைகளைக் கயிறுகளால் குறிப்பிட்ட வரிசையில் தூக்கி நெய்யப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பழைய அகலக் கரைகள் வழக்கொழியத் தொடங்கிய நிலையில், ருக்மிணி தேவி அருண்டேல் தம் கலாக்ஷேத்திரத்தில் நெசவுப் பிரிவொன்றை நிறுவி அவற்றை மீட்டெடுத்தார். இன்று ‘பழைய காஞ்சிபுரம்’ என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் பல அமைப்புகள் அம்முயற்சிக்குக் கடமைப்பட்டவை. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய நீலம் ‘எம்.எஸ். புளூ’ என்றே பெயர் பெற்றுவிட்டது. நெசவாளர் ஒருவரின் கண்ணும் உடுத்துபவர் ஒருவரின் நிறமும் கூடிப் பிறந்த அந்த நீலத்திற்கு நிகரானதைக் கடையில் பிரித்துப் போட்ட குவியலிலிருந்து கண்டெடுப்பது கடினம்.

சரிகையைப் பொறுத்தவரை ஏமாற்றம் எளிது. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன்மேல் தங்க முலாம் ஏற்றியதாகும். செம்புக் கம்பிமேல் மெல்லிய வெள்ளிப் பூச்சும் பொன்னிறமும் தந்தது ‘டெஸ்டட்’ சரிகை எனப்படும். பாலியஸ்டர் இழைமேல் பொன்னிறம் பூசிய மூன்றாவது வகையும் உண்டு. மூன்றும் புதிதில் ஒரே மாதிரி மின்னுகின்றன. சரிகையைச் சற்றே சுரண்டினால் உள்ளே தெரியும் நூல் சிவப்புப் பட்டாக இருப்பது அசலுக்கு அடையாளம் என்று வணிகர் சொல்வது பயனுள்ள குறிப்பாயினும் அதுவும் போலிசெய்யத் தக்கதே. வெள்ளியின் அளவைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் பரிசோதனைக் கருவியே நம்பத்தக்கது; கூட்டுறவுச் சங்க விற்பனையகங்களில் தமிழ்நாடு சரிகை நிறுவனம் வழங்கும் சரிகைக்குத் தர உறுதி உண்டு. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது விளையும் ஊருக்கே உரிமையாக்கும் சட்டக் காப்பு, பெற்றது. பட்டு நூலின் தூய்மைக்கு 2004இல் அறிமுகமான ‘சில்க் மார்க்’ முத்திரை சான்றளிக்கிறது. இம்முத்திரை நூல் பட்டுதானா என்பதை மட்டுமே சொல்லும். கைத்தறியா விசைத்தறியா என்பதைச் சொல்லாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஏமாறுவோர் மிகப் பலர்.

இத்தகைய புடவையை நெய்பவர் வீட்டுத் திருமணத்தில் மணமகள் எதை உடுத்துகிறாள் என்ற கேள்வி பிள்ளையார்பாளையத்தில் நடப்பவரை விடாது தொடர்கிறது. பிரியதர்சன் இயக்கி, பிரகாஷ்ராஜ் நடித்து, 2007ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்ற ‘காஞ்சிவரம்’, தன் மகளுக்கு மணப்பட்டு நெய்ய ஆசைப்பட்டு முதலாளியின் பட்டிழையைத் திருடும் நெசவாளன் ஒருவனின் கதையைச் சொல்கிறது. அப்படம் காட்டும் காலத்திற்குப் பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி, நெசவாளருக்கு நூல், கூலி, போனஸ் ஆகியவற்றில் ஓரளவு உறுதி கிடைத்தது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பெயரிலேயே காஞ்சியில் ஒரு பட்டுச் சங்கம் இயங்குகிறது. இருந்தும் இளைஞர்கள் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்வதைத் தடுக்கும் அளவுக்கு நெசவுக்கூலி உயரவில்லை. இன்னொரு திசையிலிருந்து வந்த மறுப்பும் இவ்வூரிலேயே எழுந்தது: பல்லாயிரம் புழுக்களைக் கூட்டோடு அவித்தே பட்டு எடுக்கப்படுவதையும், திருமணச் செலவு ஏழைக் குடும்பங்களை அழுத்துவதையும் சுட்டி, காஞ்சி காமகோடி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பட்டை விலக்கும்படி வற்புறுத்தி வந்தார். பட்டால் வாழும் ஊரில் ஒலித்த அக்குரலை ஏற்றுப் பருத்திப் புடவையோடு மணவறை ஏறிய குடும்பங்கள் உண்டு. மணப்புடவையின் நிறைவைப் பற்றிப் பேசும் எவரும் அதை ஒதுக்கிவிட இயலாது.

காஞ்சியிலிருந்து செய்யாறு வழியே தென்மேற்காகச் சென்றால் கமண்டலநாகநதிக் கரையிலுள்ள ஆரணியை அடையலாம். இங்கு நெய்யப்படும் பட்டு கனம் குறைந்தது, விலையும் அவ்வாறே. காஞ்சிபுரத்தின் முறுக்கேறிய பல இழை நூலுக்கு மாறாக மெல்லிய நூல் ஆள்வதால் மடிப்பு இலகுவாக அமைகிறது. நிச்சயதாம்பூலத்திற்கும் நலங்கிற்கும் உறவினருக்குக் கொடுப்பதற்கும் ஆரணிப் பட்டை நாடுவது பல குடும்பங்களின் கணக்கு. முகூர்த்தத்திற்கு இதனைத் தேர்வோரும் உண்டு. மணிக்கணக்கில் அக்கினி முன் அமரும் பெண்ணுக்கு அது நியாயமான தேர்வுமாகும். ஆயினும் மணப்புடவைத் தேடலில் ஆரணி ஒரு நிறுத்தமாகவே அமைகிறது.

தெற்கே காவிரிக் கழனிகளுக்குள் நுழைந்து கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சென்றால் திருபுவனம் வருகிறது. மூன்றாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய கம்பகரேசுவரர் கோயிலின் உயர்ந்த விமானத்தைப் பார்த்தபடி, அதன் அடியிலுள்ள தெருக்களில் தறியொலி கேட்கிறது. இங்கு நெய்வோருள் பெரும்பாலோர் சௌராட்டிரர். குஜராத்தின் தென்பகுதியான லாட நாட்டிலிருந்து புறப்பட்ட பட்டு நெசவாளர் கூட்டமொன்று இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் குடியேறிச் சூரியன் கோயில் கட்டியதையும், பிறகு அதைப் புதுப்பித்ததையும் கி.பி. 473ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தம் முன்னோர் அக்கூட்டத்தாரே என்று சௌராட்டிர மக்கள் கொள்கின்றனர். அக்கல்வெட்டுக் கவிஞர், இளமையும் அழகும் பொன்னணியும் வெற்றிலையும் பூவும் நிறைந்திருந்தாலும் பட்டாடை உடுத்தாமல் ஒரு பெண் தன் காதலனைக் காணச் செல்லமாட்டாள் என்னும் பொருளில் தம் நெசவாளரின் கைத்திறனைப் புகழ்ந்துள்ளார். விசயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்த இவர்கள் மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடி முதலிய ஊர்களில் நிலைத்தனர். வீட்டில் சௌராட்டிரமும் தெருவில் தமிழும் பேசித் தமிழ் மணமகளின் புடவையை நெய்து தருகின்றனர்.

திருபுவனம் பட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டின் மென்மையும் சரிகைப் பூவேலையின் நுணுக்கமும் ஒருபுறமிருக்க, தறியிலிருந்து இறங்கிய புடவையை விசிறி போல மடித்துக் கட்டும் முறை இவ்வூருக்கே உரிய அடையாளமாகும். மணமகளுக்குக் கொசுவம் வைப்போர் இம்மடிப்பின் அருமையை உடனே அறிவர். ஊரின் பெரிய கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையகத்தில், புடவையோடு சேர்ந்தே அதன் எடையும் சரிகையின் வகையும் சொல்லப்படுவது வாங்க வந்தவருக்குப் பெரும் துணை. காஞ்சியில் கடைக்கும் தறிக்கும் இடையே விழுந்திருக்கும் தொலைவு இங்கு ஒரு தெருவளவே. புடவையை எடுத்தவர் விரும்பினால் அதே வகைப் புடவை நெய்யப்படும் வீட்டுக்குச் சென்று பார்க்கலாம். பட்டு எடுக்க வரும் ஒவ்வொரு குடும்பமும் மணமகளோடு சேர்ந்து அந்தத் தெருவைக் கடந்து செல்வது நல்லது.

அங்கிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று சாலை கிழக்கு நோக்கி ஓடுகிறது. குத்தாலத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள திருமணஞ்சேரியில், உமையின் கைப்பற்றி நிற்கும் கல்யாணசுந்தரரை வணங்கித் திருமணம் கைகூட வேண்டுவோர் திரள்கின்றனர். வேண்டுதல் நிறைவேறித் தம்பதியராக மீண்டும் வந்து வழிபடுவதும் வழக்கம். அவ்வாறு வந்தவர்களுள் முகூர்த்தப் புடவையையே உடுத்தி வந்த பெண்களைப் பிரகாரத்தில் காணலாம். புடவைகள் பலவும் ஒரே மணநாளோடு பெட்டிக்குள் போய்விடும் காலத்தில், இரண்டாம் முறையும் அதற்கொரு வேலை தரும் இடமாக இக்கோயில் விளங்குகிறது.

கூறைநாடு இன்று மயிலாடுதுறை நகராட்சியின் ஒரு பகுதி. மணப்புடவைக்குத் தன் பெயரைத் தந்ததாகப் போற்றப்படும் இவ்வூரைத் தேடி வருபவர் பட்டு மாளிகைகளை எதிர்பார்த்தால் ஏமாறுவார். புனுகீசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் சாலியர் எனப்படும் நெசவுச் சமூகத்தார் வாழ்கின்றனர். அடியார்களுக்கு ஆடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்த நேச நாயனாரை, அறுபத்து மூவருள் தம் குலத்தவராகக் கொண்டாடுகின்றனர். இவர்கள் நெய்த கூறை தூய பட்டன்று. பட்டும் பருத்தியும் கலந்தது, அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டங்கள் ஓடுவது, பெரும்பாலும் ஒன்பது கஜம் நீளமுடையது. பருத்தி கலந்ததால் வியர்வையைத் தாங்கியது. வீட்டிலேயே துவைக்க முடிந்தது. விலையும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. மணநாளில் உடுத்திய கூறையையே அந்தப் பெண் வளைகாப்பிலும் பொங்கலிலும் பிள்ளையின் காதுகுத்திலும் உடுத்தினாள். இங்கிருந்து கடல்நோக்கிச் சென்றால் வரும் காவிரிப்பூம்பட்டினத்தின் பெண்கள், இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்தியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பட்டின் பகட்டும் பருத்தியின் சுகமும் அவ்விலக்கியத்தில் இரு வேறு ஆடைகளாக நிற்க, கூறைநாட்டு நெசவாளர் இரண்டையும் ஒரே பாவில் சேர்த்தனர். மணப்புடவை பற்றிய தமிழ் அறிவின் உச்சம் இதுவே என்று கொள்வதற்கு இடமுண்டு.

அந்நெசவு இங்கு அருகிவிட்டது. முழுப்பட்டின் மேல் மக்களுக்கு ஏற்பட்ட பற்று, ஒன்பது கஜம் உடுத்தும் வழக்கம் சுருங்கியது, விசைத்தறியில் அச்சு அசலாக வந்த கட்டம் போட்ட புடவைகள் ஆகியவை ஒன்றுசேர்ந்து தறிகளை அடக்கின. சில பொருள்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்தும் அதனால் இவ்வூருக்குப் பெரும் பயன் விளையவில்லை. கூறை என்ற பெயர் மட்டும் தமிழ்நாடெங்கும், யாழ்ப்பாணத்திலும், டொராண்டோவின் மணமண்டபங்களிலும் வாழ்கிறது. அப்பெயரில் அங்கு உடுத்தப்படுவது பெரும்பாலும் காஞ்சிபுரத்துப் பட்டு.

எஞ்சியிருக்கும் நெசவாளரிடமோ, பட்டும் பருத்தியும் கலந்து நெய்யத் தெரிந்த சுற்றுவட்டாரத் தறிகளிலோ ஒரு கூறையைச் சொல்லிவைக்க விரும்புபவர், முகூர்த்தத்திற்கு நான்கைந்து மாதங்கள் முன்பே வந்தாக வேண்டும். உடல், கரை, முந்தி ஆகியவற்றின் நிறங்களை நூல் மாதிரியோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு முடிவு செய்து, நீளத்தை மணமகளின் உயரத்திற்கேற்பக் குறித்து, சரிகை எவ்வகையது என்பதை எழுத்தில் பெற்று, முன்பணம் கொடுக்க வேண்டும். ஒரு பாவை ஒரேயொரு புடவைக்காக ஓட்டுவது நெசவாளருக்கு நட்டம். ஆகவே உறவில் அதே பருவத்தில் திருமணம் வைத்திருக்கும் இரண்டு மூன்று வீடுகள் கலந்து பேசி ஒரே பாவில் தத்தம் பெண்களுக்கான கூறைகளைச் சொல்லிவைப்பதும், ஊடை நிறத்தையும் கரையையும் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வதும் இரு தரப்புக்கும் ஏற்ற வழியாகும்.